சாணார்பட்டியில் இறங்கிய நரி

என் உதட்டைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொண்ட அப்பாவுக்கு,

சௌக்கியமா என்று கேட்கத்தான் கை போகிறது. நீங்கள் இருக்கிற இடத்தில் மிஷின் ஓடாது என்று நினைத்துக்கொள்கிறேன், அந்த மட்டுக்கு நிம்மதி. இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அம்மா சித்தையன்கோட்டையில் தம்பியோடு இருக்கிறாள். உங்கள் மருமகன் இன்னும் அதே வெங்காய மண்டியில்தான். விடியுமுன் போகிறார், இருட்டிய பிறகு வருகிறார், வந்ததும் தூங்கிவிடுகிறார். மில்லுக்குச் சோறு கொண்டுபோன உங்கள் தூக்குவாளியில் இப்போது புளி போட்டு வைத்திருக்கிறேன். கோபப்படாதீர்கள், இறுக்கமான மூடி உள்ள பாத்திரம் இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. நீங்கள் போன ஏழாம் மாதம் உங்களுக்குப் பேத்தி பிறந்தாள். யாழினி என்று பெயர் வைத்தோம். இப்போது மூன்றரை வயது. நெற்றியும் பிடிவாதமும் அப்படியே உங்களுடையவை. காதும்தான் என்று சொன்னால் சிரிப்பீர்களா, அழுவீர்களா? பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்கவில்லை அப்பா. உங்களுக்கு மில்லில் போன காதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பரிசோதனைச் சீட்டில் அவள் பெயரைப் படித்த நர்ஸம்மா தலையைக் குனிந்துகொண்டார். யாழ் என்று பெயர் வைக்கும்போது எங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கடிதத்தை எழுதி டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருக்கலாம். நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம், நான் செய்த தப்பை இன்னொரு மில்காரர் வீட்டுப் பெண் செய்யக் கூடாது என்பதுதான். அதனால் உங்களுக்குத் தெரிந்த விஷயங்களையும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நத்தம் ரோட்டு நூல் மில்லில் நீங்கள் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தீர்கள். மிஷின்கள் வரிசையாக ஓடுகிற அந்தக் கூடத்தில் பக்கத்தில் நிற்கிறவர் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்த மாட்டீர்கள். குரலை உள்ளேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் நன்றாக விரித்தும் குவித்தும் பேசுவீர்கள். கூடத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் இருப்பவரிடம் இன்றைக்குச் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் என்று கேட்டு, பதிலும் வாங்கி, அதைக் கேலியும் செய்துவிடுவீர்கள் என்று உங்கள் கூட்டாளிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

எனக்கு விவரம் தெரிந்தபோதே உங்கள் காது முக்கால்வாசி போயிருந்தது. வீட்டில் நம் இருவருக்கும் மில் பேச்சுதான். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே உங்கள் உதட்டைப் படித்தேன். அம்மா பரிமாறிக்கொண்டிருக்கும்போதே, அவள் முகத்துக்கு நேரே, குழம்பில் உப்பில்லை என்று நாம் பேசிக்கொள்வோம். அவளுக்கு அந்தப் பேச்சு பிடிபடவே இல்லை. ரெண்டு பேரும் ஊமைப் படம் ஓட்டுகிறார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். எனக்கு அதில் தனிப் பெருமை.

பகல் ஷிப்ட் முடிந்து வந்தால் நரிக் கதை. நத்தத்தில் ஒரு நரி மாம்பழக் கூடையோடு திண்டுக்கல் பஸ் ஏறுகிறது. தலையில் துண்டு, இடுப்பில் வேட்டி. வாயைத் திறந்தால் ஊளைதான் வரும், குட்டு உடைந்துவிடும். கண்டக்டர் எங்கே போகணும் என்கிறார், நரி கையைக் காட்டுகிறது. பக்கத்து ஆள் பழம் என்ன விலை என்கிறார், நரி விரலைக் காட்டுகிறது. யாரோ வாலை மிதிக்கிறார்கள், நரி பல்லைக் கடித்துக்கொள்கிறது. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் சாணார்பட்டியில் இறங்கி, ஒரு புளியமரத்துக்குப் பின்னால் கூடையை வைத்துவிட்டு வாயைத் திறக்கிறது.

அந்த இடத்தில் நீங்கள் தலையை அண்ணாந்து, வாயைக் குவித்து, கண்ணை மூடிக்கொள்வீர்கள். தொண்டை ஏறி இறங்கும். சத்தம் இருக்காது. அதைக் கேட்டு ஊரே தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டது என்று கதையை முடிப்பீர்கள். நீங்கள் சிரிப்பீர்கள் என்பதால் நானும் சிரிப்பேன். நரி ஊளையிட்டால் ஊர் ஏன் மில்லுக்குப் போக வேண்டும்? எனக்கு அது புரிந்ததே இல்லை. கேட்கவும் இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தைரியம் வராது. எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூட வாசலில் நின்று "ஏ... பாப்பா... ஓய்!" என்று நீங்கள் கூப்பிட்டீர்கள். உங்கள் குரல் எவ்வளவு உயரம் போகிறதென்று உங்களுக்குத் தெரியாது. ரோட்டில் போன மாடே நின்று திரும்பியது. என் கூட்டாளிகள் ஒரு வாரம் என்னை அப்படியே இழுத்துக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் எதிரே உட்கார்ந்து, பள்ளிக்கூட வாசலில் இனிமேல் கத்தாதீர்கள் என்று உதட்டாலேயே சொன்னேன். சரி என்று தலையாட்டினீர்கள். மறுநாளிலிருந்து வாசலில் வந்து பேசாமல் நின்றீர்கள், நானாகப் பார்க்கிற வரைக்கும். சில நாள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறேன்.

சரி, யாழினிக்கு வருகிறேன்.

காது கேட்காது என்று தெரிந்ததும் உங்கள் மருமகன் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். நான் அவ்வளவு உடையவில்லை. காது கேட்காத ஒருவரோடு வளர்ந்தவள்தானே நான். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உதட்டை விரித்துப் பேச ஆரம்பித்தேன். அவள் உடனே பிடித்துக்கொண்டாள். நரிக் கதையும் சொன்னேன். வாலை மிதிக்கிற இடத்தில் அவளும் பல்லைக் கடிப்பாள். உங்களோடு பேசுகிற மாதிரியே இருந்தது எனக்கு.

பாட்டும் அவளுக்குப் பிடிக்கும், ஆச்சரியமாக இல்லையா? மாவாட்டும்போது கிரைண்டர்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். மாசித் திருவிழாவில் மேளக்காரர்களுக்கு எதிரே தூக்கிக்கொண்டு நின்றேன். என் தோளில் சரியாகத் தாளம் தட்டினாள். என் கல்யாணத்தில் நீங்கள் மாப்பிள்ளையைப் பார்த்ததைவிடத் தவில்காரரைத்தான் அதிகம் பார்த்தீர்கள். அவர் உட்கார்ந்திருந்த பலகையின் ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றீர்கள். அன்றைக்கு உங்களுக்குள் என்ன கேட்டது அப்பா? நாயனத்தின் பங்கு போய், தவிலின் பங்கு மட்டும் வந்து சேர்ந்ததா?

இரண்டரை வயதில் ஆபரேஷன் செய்தோம். காதுக்குள் ஒரு கருவியை வைத்துவிட்டார்கள். காதுக்குப் பின்னால் இன்னொரு சின்ன மிஷின், சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வட்டம், காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும். முதன்முதலில் அதை ஓட விட்ட அன்று பயந்துபோய் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதால் நல்லது, கேட்கிறது என்று அர்த்தம் என்றார்கள். நானும் அழுதேன். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி வீட்டுக்கு வந்தோம்.

ஒன்பது மாதம் ஆயிற்று, ஒன்றும் சரியாகவில்லை. கதவு தட்டினால் திரும்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. மிஷினை மூன்று முறை சோதித்துப் பார்த்தார்கள், குறையே இல்லை. வாரம் ஒருநாள் பயிற்சிக்குக் கூட்டிப் போவேன். அங்கே சொல்லித் தருகிற டீச்சருக்கு என்னைவிட வயது குறைவு, பொறுமை மட்டும் என்னைப்போல நாலு மடங்கு. அவர் அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுவார், பிள்ளை பார்க்காமல் கேட்டுப் பழக வேண்டும் என்று. யாழினி எழுந்து போய் அட்டையைப் பிடுங்கிவிட்டு அவர் உதட்டைத் தேடுவாள்.

இந்த வயதைத் தாண்டிவிட்டால் சத்தத்தைப் பிரித்தறியப் பழகுவது கஷ்டம், பேச்சும் வராமலே போகலாம் என்று டீச்சர் ஒளிக்காமல் சொன்னார். வீட்டில் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள், ஒரு தடவை இங்கேயே பேசிக் காட்டுங்கள் என்றார். எனக்கோ பெருமை. யாழினியை எதிரே உட்கார வைத்து நரிக் கதை முழுவதையும் சொன்னேன். பிள்ளை சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், பல்லைக் கடிக்க வேண்டிய இடத்தில் கடித்தாள். முடித்துவிட்டு, எப்படி என்கிற மாதிரி டீச்சரைப் பார்த்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க வாயை மட்டும்தான் அசைக்கிறீங்க. சத்தமே வரலை."

எனக்குத் தெரியாது அப்பா. சத்தியமாகத் தெரியாது. நான் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரரிடம் குரல் வருகிறது, உங்கள் மருமகனிடம் வருகிறது, சண்டை என்றால் தெருவுக்கே கேட்கிறது. யாழினி முகத்துக்கு எதிரே உட்கார்ந்தால் மட்டும் குரல் தானாக உள்ளே போய்விடுகிறது. நாற்பது வருஷப் பழக்கம். ஒன்பது மாதமாக அந்த மிஷின் பகல் முழுவதும் என் குரலுக்காகக் காத்திருந்திருக்கிறது, நான் எதிரே உட்கார்ந்து வாயசைத்துக்கொண்டிருக்கிறேன்.

டீச்சரோடு சண்டைகூடப் போட்டேன். உதடு போதாதா, எங்கப்பாவுக்குப் போதுமாக இருந்ததே என்றேன். அவர் கோபப்படவில்லை. உங்கள் அப்பா பேச்சைக் காதால் கேட்டு வளர்ந்து, பிறகுதான் காதை இழந்தார், இவள் இனிமேல்தான் கேட்கவே போகிறாள், உதடு எங்கேயும் போய்விடாது, முதலில் காதுக்குக் கொடுங்கள் என்றார். கத்த வேண்டாம், இழுத்து, ஏற்றி இறக்கிச் சொன்னால் போதும் என்று சொல்லி, தினமும் சொல்லிப் பார்க்க வேண்டிய ஓசைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அரிசி புடைக்கிற சொளகை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நரிக் கதையை ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே அசலூர்க்காரியின் குரல் மாதிரி இருந்தது. பஸ் வந்தது, கண்டக்டர் வந்தார், சாணார்பட்டியும் வந்தது. நரி வாயைத் திறந்தது. அந்த இடத்தில் நின்றுவிட்டேன். ஊளை எப்படி இருக்கும்? அதை நான் கேட்டதே இல்லையே. கதையிலேயே பெரிய சத்தம் அதுதான், அது மட்டும் என்னிடம் இல்லை. சொளகைக் கீழே போட்டுவிட்டு அம்மாவுக்குப் போன் செய்து அழுதேன்.

மறுநாள் காலையில் அம்மா வந்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். வந்துபோன நாட்களில் நான் யாழினியோடு பேசுவதைப் பார்த்திருக்கிறாளாம். அப்படியே உங்களைப் பார்க்கிற மாதிரி இருந்ததால் சந்தோசப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டாளாம். பிறகு சொன்னாள்:

"உங்கப்பா மொதல்ல அந்தக் கதையச் சத்தமாத்தான் சொல்லுவாரு. நீ கைப்புள்ள. நரி ஊளையிடவும் வீரிட்டு அழுது, ரெண்டு நாளு அவருகிட்டப் போகவே இல்ல. அதோட வாயை மூடிட்டாரு மனுசன். எம் புள்ள என் சத்தத்துக்குப் பயப்புடுது, எம்புட்டுச் சத்தம்னு எனக்கே தெரியலையேன்னாரு."

நம் மில் பேச்சு எனக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்திருந்தேன். கைக்குழந்தையாக ஒரு தடவை, பத்து வயதில் ஒரு தடவை, இரண்டு தடவையும் உங்கள் குரலை அடைத்தது நான்தான். இதை நீங்கள் ஏன் என்னிடம் சொல்லவே இல்லை?

அந்த ஊளை எப்படி இருக்கும் என்று அம்மாவைக் கேட்டேன். வெட்கப்பட்டாள். வாசல் கதவைச் சாத்தச் சொன்னாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, உங்களை மாதிரியே அண்ணாந்து, வாயைக் குவித்தாள். அடித்தொண்டையில் மெதுவாக ஆரம்பித்து, ஏறி ஏறி, உச்சியில் நீளமாக நின்று, தேய்ந்து இறங்கியது அந்த "ஊ...". பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அது நரி ஊளை இல்லை அப்பா. மில் சங்கு. ஷிப்ட்டுக்கு ஊதுகிற சங்கு. அப்போது உங்கள் காதுக்கு எட்டிய சத்தம் அது ஒன்றுதானோ என்னவோ, நரிக்கும் அதையே கொடுத்திருக்கிறீர்கள். அதனால்தான் ஊரே தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. நான் சிரித்தேன். இத்தனை வருஷமாகப் பொய்யாகச் சிரித்த இடத்தில் அன்றைக்குத்தான் நிஜமாகச் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர. அம்மாவும் சிரித்தாள். யாழினி எங்கள் இருவர் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் சேர்ந்து சிரித்தாள்.

அன்றிலிருந்து தினமும் சொளகுக்குப் பின்னாலிருந்து நரி வருகிறது. முதல் வாரம் யாழினிக்கு என்மேல் பயங்கரக் கோபம். சொளகைப் பிடுங்கினாள், கடித்தாள், என் வாயை விரலால் பிளந்து பார்த்தாள். உதட்டைக் காட்டாமல் அவளிடம் பேசுவது கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு. ராத்திரியில் விளக்கை அணைக்கும் முன் அவள் கேட்டால், உதட்டாலும் இரண்டு வார்த்தை பேசிவிடுவேன். டீச்சரிடம் சொல்லவில்லை, நீங்களும் சொல்ல வேண்டாம். புளியை வேறு டப்பாவுக்கு மாற்ற நேரமில்லாமல், கதைக்காக உங்கள் தூக்குவாளியை அப்படியே பக்கத்தில் வைத்துக்கொண்டோம். சங்கு ஊதியதும் அதைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை நடக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. தினமும் நான்தான் அவள் கையைப் பிடித்து அதைத் தூக்க வைப்பேன். நாற்பது நாளைக்கு மேல் அப்படியே போயிற்று.

போன வியாழக்கிழமை மத்தியானம். யாழினி கூடத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, புளியங்கொட்டைகளைத் தம்ளரில் போட்டு எடுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கதை இல்லை, சொளகு இல்லை. என்ன தோன்றியதோ, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, அங்கே நின்றபடி, மெதுவாக ஆரம்பித்து ஊதினேன்.

ஏறி, நின்று, இறங்கி, முடித்தேன். கூடத்தில் தம்ளர் உருண்டது. எட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது அப்பா. ரசம் பொங்கி அடுப்பில் வழிகிற வரைக்கும் நின்றேன். பிறகு போய்ப் பார்த்தேன்.

வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள் உங்கள் பேத்தி. இரண்டு கையாலும் தூக்குவாளியை இழுத்துக்கொண்டு, கனம் தாங்காமல் ஒருபக்கம் சாய்ந்து, ரோட்டைப் பார்த்தபடி, ஷிப்ட்டுக்குத் தயாராக.

இனி அவள் தூங்கும் வரைக்கும் எங்கள் வீட்டில் வாயை மூடுகிற வேலை இல்லை. ஜூன் மாதம் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம். முதல் நாள் சாயங்காலம் நான் வாசலில் நிற்பேன். நீங்கள் கூப்பிட்ட மாதிரியே, அதே இழுப்பு, அதே ஏற்ற இறக்கம், ரோட்டில் போகிற மாடு திரும்பினாலும் சரி, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அவள் கூட்டாளிகள் சிரிக்கட்டும். கத்தாதே அம்மா என்று என்றைக்காவது யாழினி என்னிடம் வாய்விட்டுச் சொன்னால், அன்றைக்கு உங்கள் படத்துக்கு முன்னால் வந்து அந்தச் சண்டையை முழுசாக, சத்தமாகச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் வாசலில் காத்து நின்றும் திரும்பிப் பார்க்காத பாப்பா,
யாழினியின் அம்மா.